ஜாலிபீ வளர்ந்தது நாக்காலா, காசாலா?

#1 | கப்பல்காரன்

பதினாறு வருஷமாகக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. கூட இருந்தவர்களில் பாதிக்குப் பாதி பிலிப்பினோக்கள். போன காண்ட்ராக்டில் ஒரு ஆயிலரின் (இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்பவர்) மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. பிள்ளை பிலிப்பீன்ஸின் இலோயிலோவில், அப்பன் நடுக்கடலில். குக் அவருக்காக ஒரு பெரிய தட்டு ஸ்பகெட்டி செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாழைப்பழ கெச்சப் பாட்டிலைக் கவிழ்த்தார், சர்க்கரை ஒரு கை போட்டார், சிவப்பு ஹாட்டாக்கை வட்டம் வட்டமாக நறுக்கிச் சேர்த்தார், கடைசியில் சீஸைத் துருவினார். வாயில் வைத்தால் ஒரே இனிப்பு. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அந்த மனுஷன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "அப்படியே ஜாலிபீ மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜாலிபீ என்ற இந்தப் பிலிப்பீன்ஸ் துரித உணவுக் கம்பெனியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். தெரிந்ததை இங்கே போடுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சேருங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள்.

நிறுவனர் டோனி டான் காக்டியாங், 1953-ல் பிறந்தவர். அப்பா சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர். கோயில் ஒன்றில் சமையல் வேலை பார்த்தார், பிறகு தாவோ நகரில் குடும்பத்தோடு ஒரு உணவகம் போட்டார். மகன் மணிலாவில் சான்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். படித்து முடித்த கையோடு 1975-ல், 22 வயதில், கேசான் சிட்டியின் குபாவோ பகுதியில் மாக்னோலியா ஐஸ்கிரீம் பார்லர் ஃப்ரான்சைஸ் எடுத்தார். ஐஸ்கிரீமுக்கு வந்தவர்கள் "சூடா ஏதாவது இருக்கா" என்று கேட்டார்கள். சாண்ட்விச், பர்கர் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் ஐஸ்கிரீமை விட பர்கருக்குத்தான் கூட்டம். 1978-ல் ஏழு கடைகளோடு ஜாலிபீ ஃபுட்ஸ் கார்ப்பரேஷன் என்று பதிவு செய்தார்கள். சின்னத்துக்குத் தேனீயை எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம்: அது ஓயாமல் உழைக்கும், தேன் சேர்க்கும், வேலையைச் சந்தோஷமாகவும் செய்யும்.

1980-ல் சிக்கன்ஜாய் என்ற பொரித்த கோழி வந்தது. அடுத்த வருஷமே, 1981-ல், மெக்டொனால்ட்ஸ் மணிலாவில் இறங்கியது. குடும்பக் கடைக்காரன் எவனாக இருந்தாலும் அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும். இன்றைக்குப் பிலிப்பீன்ஸில் ஜாலிபீ பெயரில் மட்டும் 1,200-க்கும் மேல் கடைகள், முதலிடமும் அவர்களுக்குத்தான். உலகச் சங்கிலிக் கடையை உள்ளூர் பர்கர்க் கடை ஒன்று சொந்த மண்ணில் நாற்பது வருஷமாகப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறது.

என் கட்சி இதுதான். அந்த ஊர் ஜனங்களின் நாக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனியின் மற்ற எல்லாமே அதன்மேல் கட்டியதுதான்.

#2 | கணக்குப்பிள்ளை

நல்ல தொடக்கம். பிறந்தநாள் ஸ்பகெட்டியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

ஆனால் "எல்லாமே" என்பதில்தான் எனக்குத் தகராறு. பங்குச் சந்தையை நானும் இருபது வருஷமாகப் பார்க்கிறேன், உணவுக் கம்பெனிகளின் கணக்கு எனக்குப் பிடித்த பாடம். ஜாலிபீ குழுமத்தின் கடை எண்ணிக்கை 2023 கடைசியில் சுமார் 6,900. 2024 கடைசியில் சுமார் 9,700. ஒரே வருஷத்தில் 2,800 கடையை எந்தத் தேனீயும் கட்டாது. 2024-ல் தென் கொரியாவின் கம்போஸ் காபியை வாங்கினார்கள். மொத்த விலை 34 கோடி டாலர், அதில் ஜாலிபீயின் பங்கு 70 சதவீதம். அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் 2,600 கடை அளவில் இருந்தது. தாவியது அங்கேதான்.

ஆகவே "கடை கூடிவிட்டது" என்று சொல்லும்போது, கட்டிய கடை எத்தனை, வாங்கிய கடை எத்தனை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது.

#3 | மலர்விழி

கப்பல்காரன் அண்ணே, ஒரு சந்தேகம். மெக்டொனால்ட்ஸ்காரர்களும் ஊருக்கு ஊர் மெனுவை மாற்றுகிறவர்கள்தானே? இனிப்பு ஸ்பகெட்டியை அவர்களும் போட்டிருக்கலாமே?

#4 | கப்பல்காரன்

போட்டார்கள் தங்கச்சி! அங்கேதான் கதையே. பிலிப்பீன்ஸ் மெக்டொனால்ட்ஸில் ஸ்பகெட்டியும் உண்டு, சோறும் கோழியும் உண்டு. உலக நிறுவனம் உள்ளூர்க்காரன் பின்னால் வந்து அவன் போட்ட கோட்டிலேயே நடந்தது. ஆனால் பந்தியில் முதலில் உட்கார்ந்தது யார் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

மணிலாவில் கரை இறங்கும்போதெல்லாம் நான் சாப்பிடுவது சிக்கன்ஜாய்தான், அதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். டிரேயில் ஒரு துண்டு கோழி, தோல் மொறுமொறு என்று கையோடு வரும். பக்கத்தில் காகிதத்தில் பொட்டலமாகச் சுற்றிய சோறு. பிரித்தால் ஆவி முகத்தில் அடிக்கும். சின்னக் கப்பில் பழுப்புக் கிரேவி. பிலிப்பினோக்கள் அந்தக் கிரேவியைக் கோழிக்குத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துவதில்லை, சோற்றின் மேலும் ஊற்றிப் பிசைகிறார்கள். நமக்குக் குழம்பு எப்படியோ அப்படி. ரொட்டிக்கு நடுவில் கறி என்பது அவர்களுக்கு நொறுக்குத் தீனி, சோறு இருந்தால்தான் சாப்பாடு. பர்கர்க் கடைக்குள் சோற்றை வைத்தவன் அந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க முடியும்.

இன்னொன்று, நேரம். 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனினோ அகினோவை மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு நாட்டுப் பொருளாதாரம் விழுந்தது, வெளிநாட்டுக்காரர்கள் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். ஜாலிபீ அந்த வருஷங்களிலும் கடை திறந்துகொண்டே போனது. ஊர் தெளிந்து எழுந்தபோது நல்ல முனைகளெல்லாம் அவர்கள் கையில் இருந்தன.

#5 | மலர்விழி

வாழைப்பழ கெச்சப் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

#6 | கப்பல்காரன்

அதற்கு ஒரு பெரிய மனுஷி இருக்கிறார், மரியா ஓரோசா. உணவு வேதியியல் படித்தவர். தக்காளி கிடைப்பது கஷ்டமாக இருந்த ஊரில் வாழைப்பழத்தை வைத்து கெச்சப் செய்து காட்டியவர் என்று அவர் பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் மறைமுகமாகக் கைதிகளுக்கு உணவு அனுப்பினார். 1945-ல் மணிலாவில் நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். பேச்சு கிளை பிரிகிறது, ஆனாலும் அவர் பெயரைச் சொல்லாமல் அந்த இனிப்பைப் பற்றிப் பேச மனசு வரவில்லை.

#7 | இரவுப்பணி நர்ஸ்

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வார்டில் பாதிப் பேர் கேரளா, மீதியில் பெரும்பாலும் பிலிப்பீன்ஸ், நடுவில் நாங்கள் ரெண்டு பேர் தமிழ். 2018 அக்டோபரில் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஜாலிபீ திறந்தது, இங்கிலாந்திலேயே முதல் கடை. திறந்து ரெண்டு வாரம் ஆன பிறகு, நைட் ட்யூட்டி முடித்த கையோடு என் கூட வேலை செய்யும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அப்போதும் வரிசை தெருவில் நின்றது. பாதி ஜனம் யூனிஃபார்மோடு, மேலே கோட்டு மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த அக்கா தட்டை வாங்கியதும் உடனே சாப்பிடவில்லை. ஃபோனை எடுத்து மணிலாவில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ போட்டார். கோழித் துண்டைத் தூக்கிக் காட்டினார், கிரேவியைக் காட்டினார், சுவரில் இருக்கிற தேனீப் படத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் அம்மா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து மேஜையிலும் அதே கதை, வேறு ஒருத்தர் வேறு ஒரு அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் நான் கப்பல்காரன் அண்ணன் பக்கம். இவர்கள் கடை திறக்கிற இடங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் முதல் கடை 1998-ல் கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியில், பிலிப்பினோக்கள் நிறைந்த ஊர். கனடாவில் 2016-ல் வின்னிபெக். இத்தாலியில் 2018-ல் மிலான். எல்லாமே அவர்கள் பிழைக்கப் போன ஊர்கள்.

#8 | கணக்குப்பிள்ளை

சகோதரி, நீங்கள் எழுதியது உண்மை. ஆனால் அதே உண்மைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் ஜனம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கடை போட்டால், ஜனம் தீர்ந்த இடத்தில் கடையும் தீர்ந்துவிடும்.

அவர்கள் இதை முன்னமே பட்டு அறிந்தார்கள். ஹாங்காங்கில் 1996-ல் சென்ட்ரல் பகுதியில் கடை திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்கார பிலிப்பினோ பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிற இடம் அது. வாரம் ஒரு நாள் லீவு, அன்றைக்குத் தரையில் அட்டைப்பெட்டி விரித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அன்றைக்குக் கல்லா நிறையும். திங்கள் முதல் சனி வரை யார் வருவது? உள்ளூர்ச் சீனரை நம்பி அடுத்த கடைகளைப் போட்டபோது திணறினார்கள். அவர்களுக்குப் பழகிய சுவையும் வேறு, கடைக்குள் கேட்கிற பேச்சும் வேறு.

அதற்கும் முன்னால் 1985-ல் சிங்கப்பூர். உள்ளூர்க் கூட்டாளியோடு நிர்வாகம் யார் கையில் என்று தகராறு, 1986-லேயே இழுத்து மூடினார்கள். அடுத்தது தைவான், முதலில் நல்ல விற்பனை, பிறகு அதுவும் நிற்கவில்லை. 1989-ல் இந்தோனேசியா, அங்கே கடை வாசலிலேயே தெருவோரக் கடைக்காரர்கள் அதைவிட மலிவாக விற்றார்கள். 1987-ல் போன புரூனே மட்டும்தான் உருப்படியாக நின்றது. நாக்கு தெரிந்திருப்பது பெரிய சொத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அந்த ஒரு நாக்கு.

#9 | செல்வி, உட்லண்ட்ஸ்

கணக்குப்பிள்ளை சார், சிங்கப்பூர்க் கதையை பாதியில் விட்டுட்டீங்க. 1986-ல் மூடினவங்க 2013-ல் திரும்பி வந்தாங்க. எங்கே திறந்தாங்க தெரியுமா? ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில். ஞாயிற்றுக்கிழமை பிலிப்பீன்ஸே அந்தக் கட்டடத்துல இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்புற கவுண்டர், பெட்டி கட்டி அனுப்புற கடை, ஊர் சாமான் கடை, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. நம்ம ஆளுங்களுக்குத் தேக்கா (லிட்டில் இந்தியா) எப்படியோ அவங்களுக்கு லக்கி பிளாசா.

27 வருஷம் கழிச்சு எங்க வந்து நிக்கணும்னு தெரிஞ்சுதான் வந்து நின்னாங்க. நான் போனப்ப ஒன்றரை மணி நேரம் வரிசை. என் முன்னாடி நின்ன பொண்ணு முதலாளி வீட்டுக் குழந்தையையும் கையில் பிடிச்சுட்டு வந்திருந்தா. அந்தச் சீனக் குழந்தைக்கு ஜாலிபீ பாட்டு மனப்பாடம்.

#10 | கப்பல்காரன்

செல்வியம்மா கடைசி வரியில் என் பதிலையே எழுதிவிட்டார். இந்தக் கோழி முதலில் ஆயா கையில் வந்தது, பிறகு குழந்தை வாய்க்குப் போனது. வெளிநாட்டு நாக்கு ஒன்று அப்படித்தான் பழகும்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரே பதில், வியட்நாம். அங்கே பிழைக்கப் போன பிலிப்பினோக்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஆனால் ஜாலிபீ கடை 200-ஐத் தாண்டிவிட்டது. சாப்பிடுவதெல்லாம் வியட்நாமியர். காரச் சாஸ் தடவிய கோழியை அங்கே முன்னால் வைத்தார்கள். ஹோ சி மின் சிட்டியில் ஒரு தடவை போயிருக்கிறேன், மூன்று தலைமுறை ஒரே மேஜையில், நடுவில் பிறந்தநாள் கேக். கடையில் பிலிப்பினோ என்று யாரையும் நான் பார்க்கவில்லை.

#11 | கணக்குப்பிள்ளை

வியட்நாம் நல்ல அடி. அதை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நான் வாங்கிய கடைகளைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை. அதிலும் இரண்டு வகை இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

முதல் வகை, உள்ளூரில் வாங்கியது. 1993-ல் பங்குச் சந்தையில் நுழைந்தார்கள். அடுத்த வருஷமே கிரீன்விச் பீட்சா. 2000-ல் சௌகிங், சீன நூடுல்ஸும் டிம்சம்மும். 2005-ல் ரெட் ரிப்பன், கேக் கடை. 2010-ல் மாங் இனாசல். இதை கவனமாகப் பாருங்கள். ஒரு பிலிப்பினோ குடும்பம் ஒரு வாரத்தில் வெளியே என்னென்ன சாப்பிடுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். குழந்தை கோழி கேட்டால் ஒரு கடை, அப்பாவுக்கு நூடுல்ஸ் வேண்டுமென்றால் பக்கத்துக் கடை, போகும்போது கேக். மாலில் வரிசையாக நாலு போர்டு, நாலுக்கும் முதலாளி ஒருவர்.

மாங் இனாசல் தனிக் கதை. எட்கர் சியா என்ற இளைஞர் 2003-ல் இலோயிலோவில் தொடங்கியது. கரியில் சுட்ட கோழி, சோறு எவ்வளவு வேண்டுமானாலும். ஏழே வருஷத்தில் அது நாடு முழுக்கப் பரவி ஜாலிபீக்கே சவாலாகி நின்றபோது, 300 கோடி பெசோ கொடுத்து 70 சதவீதம் வாங்கினார்கள், மிச்ச 30 சதவீதத்தை 2016-ல் 200 கோடிக்கு. கப்பல்காரன் தம்பி சொல்கிற "நாக்கு" இங்கே வேலை செய்தது. எதை வாங்க வேண்டும் என்று தெரிந்தது.

இரண்டாவது வகைதான் என் கவலை. 2015-ல் அமெரிக்காவின் ஸ்மாஷ்பர்கரில் 40 சதவீதம், 10 கோடி டாலர். பிறகு 2018-ல் 85 சதவீதம், அதன்பின் முழுதும். வருஷக் கணக்கில் நஷ்டம். 2019-ல் காபி பீன் அண்ட் டீ லீஃப், 35 கோடி டாலர். 27 நாடுகளில் 1,189 கடை. அறிவித்த அன்றே பங்கு விலை சரிந்தது. 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய காபிக் கடைக்குக் குபாவோவில் கற்ற பாடம் எப்படி உதவும்? அடுத்த வருஷம் கொரோனா. 2020-ல் 1,150 கோடி பெசோ நஷ்டம். நூற்றுக்கணக்கான கடைகளை மூடினார்கள்.

உலகத்தின் முதல் ஐந்து உணவகக் கம்பெனிகளில் ஒன்றாக வேண்டும் என்பது அவர்களே வெளிப்படையாகச் சொன்ன இலக்கு. அந்த இலக்குக்குக் கடை எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்கு வாங்கியாக வேண்டும். அந்த அவசரம் எனக்கு உறுத்துகிறது.

#12 | சிஸ்டம்_சிவா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சப்ளை செயின் மென்பொருள் வேலையில் இருப்பவன். வளர்ச்சி என்று பேசினால் 2014 ஆகஸ்டைத் தொடாமல் போகக் கூடாது.

குழுமம் பெரிதானதும் பழைய மென்பொருளை மாற்றிப் புதியதற்குப் போனார்கள். மாற்றிய சில நாளில் கடைகளுக்குச் சரக்குப் போவது தடுமாறியது. 72 கடைகளைத் தற்காலிகமாக மூடும்படி ஆனது. திறந்திருந்த கடைகளிலும் சிக்கன்ஜாய் இல்லை. "சிக்கன்ஜாய்" போய் "சிக்கன்சேட்" (ஜாய் என்றால் மகிழ்ச்சி, சேட் என்றால் சோகம்) என்று நாடே எழுதித் தள்ளியது.

இந்த மாதிரி மாற்றங்களில் நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். குளிரறையில் கோழி இருக்கும். கடைக்காரர் ஆர்டர் போட்டிருப்பார். ஆனால் அந்த ஆர்டர் கிடங்கின் திரையில் வராது, அல்லது நேற்று வந்ததே மறுபடி வரும். லாரி டிரைவர் வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார், பேப்பர் வராமல் சரக்கை ஏற்ற மாட்டார்கள். ஃபோனில் சொல்லி அனுப்பலாமே என்று தோன்றும். பத்துக் கடை என்றால் அனுப்பலாம். நூற்றுக்கணக்கில் கடை இருந்தால் எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்பதே ரெண்டு மணி நேரத்தில் கையை விட்டுப் போய்விடும்.

ருசி, இடம், விளம்பரம் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வாரம் கோழி போகவில்லை. ஐஸ்கிரீம் பார்லர் காலத்தில் இந்தக் கஷ்டம் அவர்களுக்கு வந்தே இருக்காது.

#13 | மலர்விழி

சிவா சார், கோழி அவர்களே வளர்க்கிறார்களா, வெளியே வாங்குகிறார்களா?

#14 | சிஸ்டம்_சிவா

பல இடத்தில் வாங்குகிறார்கள். அதோடு அமெரிக்காவின் கார்கில் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து பதாங்காஸில் கோழி பதப்படுத்தும் ஆலையும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வெங்காயக் கதை. 2008-ல் அவர்களுடைய அறக்கட்டளை சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து நேரடியாக வெங்காயம் வாங்க ஆரம்பித்தது, நுவேவா எசிகா பக்கம். அதுவரை தரகர் சொன்னதுதான் விலை. பெரிய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டுமானால் அளவு, தரம், நாள் மூன்றும் தவறக் கூடாது. அதை விவசாயி கற்றுக்கொள்ள நாளாகும், கம்பெனி அதுவரை பொறுக்க வேண்டும். பொறுத்திருக்கிறார்கள்.

#15 | தேரா ஷிஃப்ட்

எல்லோரும் முதலாளி கதையும் கடைக் கதையுமே பேசுகிறீர்கள். கோழி பொரித்தவனைப் பற்றி நான் பேசுகிறேன்.

துபாயில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலிக் கடையில் நாலு வருஷம் ஃப்ரையரில் நின்றவன் நான். பெயர் வேண்டாம், ஜாலிபீ இல்லை. கூடையை எண்ணெயில் இறக்கினால் டைமர் ஓடும். பீப் அடித்ததும் தூக்கி, உதறி, கொட்டி, அடுத்த கூடை. என்னோடு நின்ற பிலிப்பினோ பையன் மணிலாவில் இதே வேலை பார்த்தவன். ரெண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேல் புள்ளி புள்ளியாகத் தழும்பு, எண்ணெய் தெறித்தது. அவன்தான் எனக்கு "எண்டோ" என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தான்.

அவர்கள் ஊர்ச் சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தால் நிரந்தரம். அதனால் ஐந்தாவது மாதக் கடைசியில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடுவார்கள். காண்ட்ராக்ட் முடிந்தது, அதாவது "எண்ட் ஆஃப் காண்ட்ராக்ட்" என்பதுதான் சுருங்கி எண்டோ ஆனது. திரும்ப வேறு ஏஜென்சி மூலம் வேறு கடை, மறுபடி ஐந்து மாதம். இவன் 21 வயதுக்குள் நாலு எண்டோ பார்த்துவிட்டுத்தான் துபாய்க்கு விமானம் ஏறினான்.

இது பல தொழிலிலும் இருந்த பழக்கம், ஒரு கம்பெனியின் பாவம் மட்டும் இல்லை. ஆனால் 2018 ஏப்ரலில் பிலிப்பீன்ஸ் தொழிலாளர் துறை ஜாலிபீக்கு ஒரு உத்தரவு போட்டது. ஏஜென்சிகள் வழியாக வேலை பார்த்த 6,482 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. அது பொதுவில் இருக்கிற விஷயம். இந்த இழையில் பதினாலு பதிவுக்குப் பிறகும் அந்த எண் வரவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. கணக்குப்பிள்ளை சார் கட்டிய கடை, வாங்கிய கடை என்று இரண்டு பத்தி போடச் சொன்னார். மூன்றாவது பத்தி ஒன்று போடுங்கள், அதில் இந்த ஆட்கள்.

#16 | கணக்குப்பிள்ளை

போட்டேன். நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஆண்டறிக்கையில் ஆள் செலவு ஒரு வரியாக வரும், அந்த வரியில் எண்டோ தெரியாது.

#17 | கப்பல்காரன்

தேரா ஷிஃப்ட் தம்பி, உன் பதிவை நாலு தடவை படித்தேன். கப்பலிலும் அதுதான். ஒன்பது மாதக் காண்ட்ராக்ட், முடிந்தால் வீடு, அடுத்த கப்பல் எப்போது என்று ஏஜென்சி கூப்பிட வேண்டும். அந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி யாரோ ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஊரில் ஐந்து மாதத்துக்கு ஒரு முறை வேலை போனால் பையன் துபாய்க்குப் போகிறான். துபாயில் ஜாலிபீ திறக்கிறது, 2015-ல் துபாய் மாலிலேயே திறந்தது. அவன் வாங்கிய சம்பளத்தில் அங்கே போய் நிற்கிறான்.

என் முதல் பதிவில் "நாக்கு தெரிந்திருந்தது" என்று எழுதினேன். அதை மாற்றவில்லை. ஆனால் அந்த நாக்குக்கு ஏக்கம் வந்ததே, அது எங்கிருந்து வந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஆயிலர் வீட்டில் இருந்திருந்தால் மகளோடு சேர்ந்து கடைக்குப் போயிருப்பார், இனிப்பு ஸ்பகெட்டிக்குக் கண்ணைத் துடைத்திருக்க மாட்டார்.

#18 | இரவுப்பணி நர்ஸ்

அண்ணே, அந்த மகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? பிறந்தநாள் கொண்டாடினார்களா?

#19 | கப்பல்காரன்

கொண்டாடினார்கள். அம்மாவும் பாட்டியும் இலோயிலோ ஜாலிபீயில்தான் பார்ட்டி வைத்தார்கள். தேனீ வேஷம் போட்டவர் வந்து ஆடியிருக்கிறார். சேட்டிலைட் நெட் அன்றைக்குப் படு மோசம், வீடியோ ஓடவில்லை, ஒவ்வொரு படமாகத்தான் வந்தது. ஒரு படத்தில் பிள்ளை தேனீயின் விரலைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறது. அந்தப் படத்தை அவர் பிரிண்ட் போட்டு இன்ஜின் கண்ட்ரோல் ரூம் கதவில் ஒட்டினார். அவர் காண்ட்ராக்ட் முடிந்து கப்பலை விட்டுப் போன பிறகும் நாங்கள் எடுக்கவில்லை.

#20 | செல்வி, உட்லண்ட்ஸ்

அண்ணே, அடுத்த மாசம் உங்க கப்பல் சிங்கப்பூர் வருதுன்னு வேற இழையில எழுதியிருந்தீங்க. கரை இறங்க ஷோர் லீவ் கிடைச்சா சொல்லுங்க, நானும் வீட்டுக்காரரும் லக்கி பிளாசா வர்றோம். சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு மேல போனா உட்கார இடம் கிடைக்கும். ஞாயிறு வேண்டாம், அன்னைக்கு அது அவங்க நாள்.

#21 | கப்பல்காரன்

சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம் அம்மா. இந்த முறை ஸ்பகெட்டியை முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.